123 ஆண்டுகளின் பொறுப்பு: ஒரு மரபுச் சங்கத்தின் மறுப்பறிக்கை

ஒரு மரபு அமைப்பின் உறுப்பினராக இல்லாத ஒருவர், அந்த அமைப்பு போற்றிவரும் பெயர்களையும் கொடிகளையும் நினைவுச்சின்னங்களையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுப்பைப் பேசும்போது, அவருக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்த அமைப்பு வெளியிடும் அறிவிப்பை மறுப்பறிக்கை எனலாம். பெரும்பாலான சமயங்களில் இது நியாயமானது. யாரோ ஒருவரின் பேச்சுக்காக, அவரை அழைக்காத, ஆதரிக்காத ஒரு சங்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையல்ல. ஆனால் இத்தகைய அறிக்கை இரண்டு வேறுபட்ட கூற்றுகளை ஒன்றாகச் சேர்த்தே முன்வைக்கிறது. பேசியவர் எங்களவர் அல்லர் என்பது ஒன்று. அவர் பேசிய கருத்து எங்களிடமிருந்து வந்ததல்ல என்பது மற்றொன்று. முதல் கூற்றை உறுப்பினர் பட்டியலைப் பார்த்தே உறுதிசெய்துவிடலாம். இரண்டாவதைச் சோதிக்க, அந்த அமைப்பு எதை எழுதியது, எதை நட்டது, யாருக்கு மேடை கொடுத்தது என்று அதன் சொந்த ஆவணங்களைப் புரட்ட வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் மிகப் பழைய மரபுச் சங்கங்களில் ஒன்று 2017இல் வெளியிட்ட அறிக்கை, இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் சான்றாக இருக்கிறது.

2017 ஆகஸ்ட் 11, 12 ஆகிய நாட்களில் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனமேலாதிக்கக் குழுக்கள் பல ஒன்றுகூடின. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஈ. லீயின் சிலையை அகற்ற நகர மன்றம் எடுத்த முடிவை எதிர்ப்பதே கூட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். முதல் நாள் இரவில் தீப்பந்த ஊர்வலம் நடந்தது; மறுநாள், எதிர்ப்பாளர்களின் கூட்டத்திற்குள் ஒருவன் காரைச் செலுத்தியதில் ஹெதர் ஹேயர் என்ற 32 வயதுப் பெண் கொல்லப்பட்டார், பலர் காயமடைந்தனர். கூட்டமைப்புக் கொடிகளும் நாஜிச் சின்னங்களும் ஒரே ஊர்வலத்தில் அருகருகே பிடிக்கப்பட்டிருந்த படங்கள் உலகெங்கும் பரவின. கூட்டமைப்பு என்பது, 1860–61இல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து பிரிந்து சென்ற அடிமைமுறை மாநிலங்கள் அமைத்துக்கொண்ட, 1865இல் போரில் தோற்று மறைந்த அரசு.

அந்த மாதத்திலேயே, கூட்டமைப்பு வீரர்களின் வழித்தோன்றல்களான பெண்களைக் கொண்ட ‘யுனைட்டெட் டாட்டர்ஸ் ஆஃப் த கான்ஃபெடரசி’ என்ற சங்கம், இனிப் புதல்வியர் சங்கம் எனக் குறிக்கப்படுவது, தன் தலைவியின் பெயரில் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வெறுப்புக் குழுக்கள் சில கூட்டமைப்பின் கொடியையும் சின்னங்களையும் தமதாக்கிக்கொண்டது குறித்து அது வருந்தியது. இனப்பிளவையும் வெள்ளை இனமேலாதிக்கத்தையும் பரப்பும் எவரையும் முற்றாகக் கண்டித்தது. அத்தகையோர் இச்சின்னங்களைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று கோரியது. கூடவே, 123 ஆண்டுகளாகக் கல்வி, வரலாறு, அறப்பணி ஆகிய துறைகளில் முன்னோரின் நினைவைப் போற்றிவந்தவர்கள் தங்கள் உறுப்பினர்களே என்றும், தங்கள் சிலைகளைப் போலவே அவர்களும் பின்னணியில் அமைதியாக நின்றவர்கள், பொதுச் சர்ச்சைகளில் ஒருபோதும் இறங்காதவர்கள் என்றும் அது கூறியது.

நபர்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பு முழு உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தீப்பந்தம் ஏந்தியவர்கள் சங்கத்தின் சார்பில் வரவில்லை. அவர்களைச் சங்கம் அழைக்கவும் இல்லை. அந்த லீ சிலையைக்கூடச் சங்கம் நிறுவவில்லை. பால் குட்லோ மெக்கின்டயர் என்ற செல்வந்தர் நகரத்துக்குக் கொடையாக அளித்து 1924இல் திறக்கப்பட்டது அது. இன்றைய உறுப்பினர்கள் பலர் தம் பாட்டிமார் வழியாக வந்த குடும்ப நினைவுக்காகவே சங்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களுடைய வருத்தம் நடிப்பு என்று கொள்வதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிக்கல் அந்த 123 என்ற எண்ணில் இருக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலான தொடர்ச்சியைத் தன் தகுதியாக முன்வைக்கும் ஓர் அமைப்பு, அந்த ஆண்டுகள் அனைத்தையும் ஆய்வுக்குத் திறந்துவிடுகிறது. அவற்றுள் அறப்பணி ஆண்டுகளை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

சங்கம் 1894 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கரோலின் மெரிவெதர் குட்லெட், அன்னா டேவன்போர்ட் ரெய்ன்ஸ் ஆகிய இருவரின் முயற்சியால் தொடங்கியது. போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பேணிய பெண்கள் குழுக்களிலிருந்து அது கிளைத்தது. முதியோர் இல்லங்களுக்கும் கைம்பெண்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் உதவியது. முதல் உலகப் போர்க் காலத்தில் அதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாதிருந்த காலத்தில் மாநிலச் சட்டமன்றங்களையும் பள்ளி வாரியங்களையும் தம் விருப்பப்படி நகர்த்தும் அளவுக்கு அவர்கள் வலிமை பெற்றிருந்தார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் கேரன் காக்ஸ் 2003இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். பின்னணியில் அமைதியாக நின்றவர்கள் என்ற சித்திரம் இந்த இடத்திலேயே கலைகிறது. தம் காலத்தின் மிகத் திறமையான பொதுவாழ்க்கை அமைப்பாளர்களில் அந்தப் பெண்கள் சிலர். அந்தத் திறமையை மறைப்பது அவர்களுக்கே நியாயம் செய்வதாகாது.

அவர்கள் அந்த வலிமையைச் செலுத்தியது ‘தோற்ற இலட்சியம்’ என்று வழங்கப்படும் வரலாற்றுப் பார்வையை நிலைநிறுத்துவதற்கு. 1866இல் எட்வர்ட் பொல்லார்ட் என்ற இதழாளர் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்த பெயர் இது. தென்மாநிலங்கள் அடிமைமுறைக்காகப் போரிடவில்லை, மாநில உரிமைக்காகவே போரிட்டன; அடிமைகள் மனநிறைவோடும் எசமான விசுவாசத்தோடும் இருந்தார்கள்; போருக்குப் பின் கறுப்பினத்தார் வாக்குரிமை பெற்ற மறுசீரமைப்புக் காலமே உண்மையான கொடுங்காலம் என்பன அதன் கூறுகள். பிரிந்து சென்றவர்களே எழுதிவைத்த ஆவணங்கள் இதை மறுக்கின்றன. மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினைப் பிரகடனத்தில் தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் பிணைந்தது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவான்னா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்பதே புதிய அரசின் அடிக்கல் என்றார். போருக்கு முன் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட காரணத்தைப் போருக்குப் பின் அழிப்பதற்கு, அழிப்பவர்கள் பள்ளிப் பாடநூல்களைக் கைப்பற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பணியின் மையத்தில் இருந்தவர் 1911 முதல் 1916 வரை சங்கத்தின் தலைமை வரலாற்றாளராக இருந்த மில்ட்ரெட் லூயிஸ் ரதர்ஃபர்ட். பாடநூல்களையும் நூலகப் புத்தகங்களையும் அளந்து பார்ப்பதற்கென்று அவர் பின்னாளில் தயாரித்த ஓர் அளவுகோல் சிறுநூல், தென்மாநிலத்தவர் தம் அடிமைகளைத் தக்கவைத்துக்கொள்ளப் போரிட்டார்கள் என்று கூறும் நூலையோ, அடிமை எசமானர்களைக் கொடியவர்களாகக் காட்டும் நூலையோ பள்ளிகள் ஏற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அத்தகைய நூல் ஏற்கெனவே நூலகத்தில் இருந்தால் அதன் தலைப்புப் பக்கத்தில் ‘தென்னகத்துக்கு அநீதியானது’ என்று எழுதிவைக்கவும் சொன்னது. சிறுவர்களுக்கான துணைச் சங்கத்தில் வினா விடை வடிவிலான கையேடுகள் மனப்பாடம் செய்விக்கப்பட்டன. கண்டனம் தெரிவித்து அகற்றக்கூடிய வெளியாளின் பேச்சல்ல இது. வகுப்பறை வழியாகத் தலைமுறைகளுக்குள் இறங்கிய பாடம். சார்லட்ஸ்வில் ஊர்வலத்தில் சின்னங்களை ஏந்தியவர்கள் அவற்றின் பொருளைத் தாமே கண்டுபிடித்தவர்கள் அல்லர்.

இன்னும் வெளிப்படையான சான்றும் உண்டு. போர் முடிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொலையாலும் சாட்டையாலும் அச்சுறுத்திய மறைவுக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானைப் புகழ்ந்து, மிசிசிப்பிக் கிளையைச் சேர்ந்த லாரா மார்ட்டின் ரோஸ் 1914இல் பள்ளி மாணவர்களுக்கென ஒரு நூல் வெளியிட்டார். சங்கத்தின் மாநாடு அதற்கு முந்தைய ஆண்டே அந்நூலுக்கு ஒப்புதல் அளித்திருந்தது. ரோஸ் பின்னர் சங்கத்தின் தலைமை வரலாற்றாளராகவும் ஆனார். 1926இல் வட கரோலைனாவின் கான்கார்டில், கிளான் கூடிய இடம் ஒன்றை நினைவுகூர்ந்து அவ்வூர்க் கிளை ஒரு பலகையே நிறுவியது. 2017இன் அறிக்கை கண்டித்த கருத்துக்கு, ஒரு காலத்தில் சங்கத்தின் முத்திரையே கிடைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படாது.

மேடை கொடுத்தல் என்பதற்கான சான்று வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்திலிருந்து கிடைக்கிறது. போருக்குச் சென்ற மாணவர்களின் நினைவாக ஒரு சிலை வேண்டுமென்று சங்கத்தின் மாநிலக் கிளை பல்கலைக்கழகத்தை அணுக, ‘மௌன சாம்’ என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற அந்தச் சிலை 1913 ஜூன் 2 அன்று திறக்கப்பட்டது. விழாவில் பேசியவர்களில் ஒருவர் ஜூலியன் கார். கூட்டமைப்புப் படையின் முன்னாள் வீரர், புகையிலைத் தொழிலதிபர். புதல்வியர் சங்கத்தில் உறுப்பினராக இருக்க அவரால் இயலாது. அந்த வகையில் அவரும் வெளியாளே. தென்னகத்தில் ஆங்கிலோ-சாக்சன் இனத்தைக் காப்பாற்றியவர்கள் கூட்டமைப்பு வீரர்களே என்று புகழ்ந்த அவர், போர் முடிந்து ஊர் திரும்பிய சில மாதங்களில், ஒரு வெள்ளைப் பெண்ணை அவமதித்ததாகக் கூறி ஒரு கறுப்பினப் பெண்ணை அதே ஊரில் உடை கிழிந்து தொங்கும்வரை குதிரைச் சாட்டையால் அடித்ததை மகிழ்ச்சியான கடமையாக நினைவுகூர்ந்தார். பட்டமளிப்புக் காலத்தில் கூடியிருந்த சான்றோர் அவையில், சிலையை வேண்டிப் பெற்ற பெண்களின் முன்னிலையில், இது சொல்லப்பட்டது. இந்தப் பேச்சு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அடங்கிக் கிடந்து, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் ஆடம் டோம்பி என்ற வரலாற்று ஆய்வு மாணவர் அதை எடுத்து வெளியுலகுக்குக் காட்டியபோதுதான் சர்ச்சையாயிற்று.

1913இல் அது சர்ச்சையாகாததே இங்கு கவனிக்க வேண்டியது. மறுப்பறிக்கை ஒன்று பிறப்பதற்கு, சொல்லப்பட்ட சொல் தவறு என்று கேட்பவர்களில் யாராவது உணர்ந்திருக்க வேண்டும், அவர்களுக்குக் குரலும் இருக்க வேண்டும். சாட்டையடி பட்ட பெண்ணின் மக்கள் அந்த அவையில் இடம்பெற முடியாதிருந்த காலத்தில், வெளியாளின் பேச்சுக்கும் சங்கத்தின் நிலைப்பாட்டுக்கும் இடையே கோடு போட வேண்டிய தேவையை எவரும் உணரவில்லை. 2018 ஆகஸ்ட் 20 இரவில் போராட்டக்காரர்கள் அந்தச் சிலையைக் கீழே தள்ளினார்கள். அதன்பின் அச்சிலையின் மீது தனக்கிருப்பதாகக் கருதிய உரிமையைப் புதல்வியர் சங்கம், கூட்டமைப்பு வீரர்களின் ஆண் வழித்தோன்றல்களைக் கொண்ட மற்றொரு சங்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது. அந்தச் சங்கத்துக்குச் சிலையையும் அதன் பராமரிப்புக்கென 25 லட்சம் டாலரையும் அளிக்கப் பல்கலைக்கழக நிர்வாகம் 2019 நவம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டை, வழக்குத் தொடுக்கும் தகுதியே அந்தச் சங்கத்துக்கு இல்லை என்று கூறி நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது.

சின்னங்களை வெளியார் கவர்ந்துகொண்டார்கள் என்ற முறையீடும் 2017இல் புதிதாகப் பிறந்ததன்று. 1948இல், அதிபர் ட்ரூமனின் குடிமை உரிமைத் திட்டங்களை எதிர்த்துத் தென்மாநில ஜனநாயகக் கட்சியினரில் ஒரு பகுதியினர் பிரிந்து தனிக் கட்சி தொடங்கி, கூட்டமைப்பின் போர்க்கொடியைத் தேர்தல் மேடைகளில் ஏற்றியபோது, அரசியல் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் கொடியை இப்படிக் கையாள்வதைப் புதல்வியர் சங்கம் கண்டித்தது. கூட்டமைப்புக் கொடிகளின் கண்ணியத்தைக் காக்கும் சட்டங்கள் சில மாநிலங்களில் அக்காலத்தில் இயற்றப்பட்டன. இந்தக் கண்டனம் உண்மையானது. ஆனால் அதன் அக்கறை கொடியின் மதிப்புக் குறையக் கூடாது என்பதில் இருந்தது. அந்தக் கொடி தம் பள்ளிகளின் மீதும் நீதிமன்றங்களின் மீதும் பறப்பதைப் பார்த்து வாழ நேர்ந்த கறுப்பினக் குடிமக்களுக்கு அது என்ன பொருள் தந்தது என்ற கேள்வி அதில் இல்லை. சின்னத்தின் உரிமையாளர் யார் என்ற வழக்கில் கட்சிக்காரராக நிற்கும் அமைப்பு, அந்தச் சின்னத்தால் காயப்பட்டவர்களைச் சாட்சியாகக்கூட அழைக்கவில்லை. 2017 அறிக்கைக்கும் 1948 கண்டனத்துக்கும் இடையே சொற்கள் வெகுவாக மாறியிருக்கின்றன. வெள்ளை இனமேலாதிக்கம் பெயர் சொல்லியே கண்டிக்கப்படுவது சிறு மாற்றமல்ல. வழக்கின் வடிவம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அந்தச் சாட்சியம் அமெரிக்க மேலவையில் ஒருமுறை ஒலித்தது. சங்கத்தின் இலச்சினைக்கு, அதாவது கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடியை உள்ளடக்கிய அதன் அடையாள வடிவத்துக்கு, நாடாளுமன்றம் சிறப்புக் காப்புரிமை வழங்கிவந்தது. 1993இல் அதைப் புதுப்பிக்கும் திருத்தத்தை வட கரோலைனா உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்தார். அவையின் ஒரே கறுப்பின உறுப்பினரான இல்லினாய் மாநிலத்தின் கேரல் மோஸ்லி பிரான், சங்கம் தன் இலச்சினையை வைத்துக்கொள்வதைத் தாம் தடுக்கவில்லை என்றும், நாட்டின் சட்டமன்றம் அதற்குத் தனிச் சலுகையாக ஒப்புதல் முத்திரை இடுவதையே எதிர்ப்பதாகவும் வாதாடினார். முதல் வாக்கெடுப்பில் அவர் 48க்கு 52 எனத் தோற்றார். பின் எழுந்து அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு அவை தன் முடிவை மாற்றிக்கொண்டது. 75க்கு 25 என்ற கணக்கில் திருத்தம் வீழ்ந்தது. கூட்டமைப்பு மரபில் வந்த குடும்பத்தவரான அலபாமாவின் ஹோவல் ஹெஃப்லின்கூட அவர் பக்கம் வந்தார். தனியார் நினைவுக்கும் பொது அங்கீகாரத்துக்கும் இடையே மோஸ்லி பிரான் அன்று போட்ட கோடு, இந்த விவகாரம் முழுவதிலும் போடப்பட்ட மிகத் துல்லியமான கோடு. 2024இல் வர்ஜீனியாச் சட்டமன்றம் சங்கத்துக்குரிய சொத்துவரி விலக்கை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியதும், ஆளுநர் கிளென் யங்கின் அதைத் தம் மறுப்பாணையால் தடுத்ததும் அந்தக் கோட்டின் மீதே நடந்த வழக்கு.

மரபுச் சங்கம் ஒன்றால் இதைவிட வேறுவிதமாக நடந்துகொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு அதே நாட்டில் ஒரு சான்று உண்டு. 1890இல் தொடங்கிய ‘டாட்டர்ஸ் ஆஃப் த அமெரிக்கன் ரெவல்யூஷன்’ என்ற சங்கமும், அமெரிக்க விடுதலைப் போரில் ஈடுபட்டவர்களின் பெண் வழித்தோன்றல்களுக்கே உரியது. வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டுமே இடம் என்ற நிபந்தனையோடு வாஷிங்டனில் அது நடத்திவந்த அரங்கில், 1939இல் கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகப் படிகளில் ஆண்டர்சன் பாடியதைக் கேட்க 75,000 பேர் கூடினார்கள். அந்தச் சங்கத்தில் கறுப்பினப் பெண் ஒருவர் உறுப்பினராக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகுதி இருந்தும் தடுக்கப்பட்ட மற்றொருவரின் போராட்டம் 1984இல் சங்கத்தை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மாற்றம் உள்ளிருந்து தானே மலரவில்லை. வெளியழுத்தம் அதை வரவழைத்தது. ஆனால் வந்த மாற்றம் அறிக்கையோடு நிற்கவில்லை. விடுதலைப் போரில் பங்கேற்ற கறுப்பினத்தவரையும் பூர்வகுடிகளையும் ஆவணங்களில் தேடிப் பெயர் பெயராகத் திரட்டும் பணியைச் சங்கம் மேற்கொண்டு, 2008இல் 6,600க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பெரும் நூலாக வெளியிட்டது. அந்தப் பெயர்களிலிருந்து வழிவந்த எந்தப் பெண்ணும் அதை ஆதாரமாகக் காட்டி உறுப்பினராகலாம். சங்கத்தின் சொந்தத் தொழிலான வம்சாவளி ஆய்வே, முன்பு தள்ளிவைத்தவர்களை உள்ளே கொண்டுவரும் கருவியாயிற்று.

இரண்டு சங்கங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்ற வாதம் எழக்கூடும். விடுதலைப் போரில் கறுப்பின வீரர்கள் போரிட்டார்கள். கூட்டமைப்போ கறுப்பினத்தாரை அடிமைகளாக வைத்திருக்கவே போரிட்டது. எனவே புதல்வியர் சங்கத்துக்குச் சேர்த்துக்கொள்ளப் பெயர்கள் இல்லை. வாதம் சரியே, ஆனால் அந்தச் சங்கத்துக்கும் செய்வதற்குரிய ஆவணப் பணி இருக்கிறது. எந்தெந்தப் பாடநூல்களை அது எந்தெந்த மாநிலங்களில் விலக்கச் செய்தது, எந்த விழாக்களில் யார் என்ன பேசினார்கள், எந்தத் தீர்மானத்தால் கிளானின் புகழ்நூல் பள்ளிக்குப் போனது என்பதெல்லாம் அதன் ஆண்டு மாநாடுகளின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் உள்ளன. வெளி ஆய்வாளர்கள் அவற்றை வைத்தே நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சங்கமே தன் பெயரில் எழுதி வெளியிடுமானால், 2017இல் தீப்பந்தம் ஏந்தியவர்களிடமிருந்து அது விலகி நிற்பதற்கு வேறெந்தக் கண்டனமும் தர இயலாத வலிமை கிடைக்கும்.

வேறு கைகளால் அந்தப் பணி ஓர் இடத்தில் நடந்திருக்கிறது. அடிமைமுறைக்கு எதிராக ஜான் பிரவுன் 1859 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியபோது முதலில் இறந்தவர், அடிமையல்லாத கறுப்பின இரயில் ஊழியர் ஹேவர்ட் ஷெப்பர்ட். அவரை எசமானருக்கு விசுவாசமான கறுப்பினத்தவரின் அடையாளமாக்கிப் புதல்வியர் சங்கமும் ஆண் வழித்தோன்றல்களின் சங்கமும் 1931இல் அங்கே ஒரு நினைவுக் கல்லை நாட்டின. அந்த விழாவிலேயே, அவ்வூரின் கறுப்பினக் கல்லூரியான ஸ்டோரரின் இசைத்துறைப் பொறுப்பாளர் பெர்ல் டாட்டன் எழுந்து, தம் மக்களின் விடுதலைக்காக வடமாநிலப் படையில் போரிட்ட ஒருவரின் மகள் தாம் என்று பேசினார். மறு ஆண்டு கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் எழுதிய வாசகத்தோடு கறுப்பின உரிமைச் சங்கம் ஒரு மாற்றுப் பலகையைக் கொண்டுவந்தது. கல்லூரித் தலைமை அதை வைக்க மறுத்துவிட்டது. அந்தப் பலகை 2006இல்தான் கல்லூரி இருந்த இடத்தில் நிறுவப்பட்டது. 1931இன் கல் இன்றும் தெருவோரத்தில் நிற்கிறது; அதை விளக்கவும் டு பாய்ஸின் மறுப்பைச் சொல்லவும் தேசியப் பூங்காத் துறை அருகில் ஒரு விளக்கப் பலகை வைத்திருக்கிறது.